சேறும் செந்தாமரையும்

“சேற்றிலே மலர்ந்த செந்தாமரை!”

நான்தான் கூறினேன். பள்ளி ஆண்டு விழாவிலே, ஒலிபெருக்கியின் முன்னே, நெஞ்சு நிமிர்த்திக் கூறினேன். தேர்விலே முதல்வனாக வந்த மாணவனைப் பாராட்டிப் பேசும் பொறுப்பு, வகுப்பாசிரியன் என்ற முறையிலே என்னிடம் தரப்பட்டிருந்தது. முதல் நாள் இரவெல்லாம் சொல் தேடினேன். தேடிய சொற்களிலே இதுவே சிறந்தது என்று எண்ணினேன். கூறி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. மேடையிலிருந்த பெரியவர்கள் தலையசைத்தனர். என் உள்ளம் பூரித்தது.

அந்த மாணவனின் தாய், நகராட்சியிலே தெருக்கூட்டும் தொழிலாளி. அன்று அரைநாள் விடுப்புப் பெற்று வந்திருந்தார். பின் வரிசையிலே, ஓரத்து நாற்காலியிலே அமர்ந்திருந்தார். கைதட்டிய கூட்டம் யாரைத் திரும்பிப் பார்த்தது? பூவை அல்ல, அந்தத் தாயை! பார்த்த கண்களிலே பரிவு இருந்தது; பாராட்டும் இருந்தது. அந்தப் பார்வையின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை அவன் வந்தான். பாடத்திலே ஐயம் கேட்கும்போது எப்படி நிற்பானோ அப்படியே நின்றான். கோபமில்லை, குமுறலில்லை, ஐயம் தெளிய விரும்பும் குரல்.

“சார், சேறு என்று சொன்னீர்களே, அது எங்கள் தெருவையா, எங்கள் அம்மாவையா?”

தோழர்களே! பட்டம் பெற்றவன் நான். மேடையேறிப் பேசிப் பழகியவன். பகுத்தறிவு ஏடுகளைப் படித்து, பிறரையும் படிக்கச் சொல்பவன். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. “அது ஓர் உவமை, தம்பி. இலக்கியத்திலே அப்படிச் சொல்வது வழக்கம்” என்றேன். “சரி சார்” என்று கூறிவிட்டுச் சென்றான். அந்தச் ‘சரி’ என்னைத் தூங்கவிடவில்லை.

புகழ்ந்தேனா, இகழ்ந்தேனா? ஒருவனை உயர்த்துவதற்காக அவனைப் பெற்றவளைத் தாழ்த்தலாமா? தாழ்த்தும் எண்ணம் எனக்குக் கடுகளவும் இல்லையே. எண்ணம் தூயதாயின் சொல்லின் குற்றம் மறைந்துவிடுமா? இந்தக் கேள்விகளை நெஞ்சிலே சுமந்துகொண்டிருந்த நாட்களிலேதான், உண்மையான சேற்றையும் உண்மையான செந்தாமரையையும் அருகருகே நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

★

ஜூலைத் திங்களில் அமெரிக்கா சென்றேன். ஆசிரியனுக்கு அமெரிக்கப் பயணமா என்று வியக்க வேண்டாம். அக்காளுக்குப் பேறுகாலம். அம்மாவுக்கு வானூர்தியும் புதிது, ஆங்கிலமும் புதிது. அத்தான் பயணச்சீட்டு அனுப்பினார்; ஊதியமில்லா விடுப்பிலே அம்மாவுக்குத் துணையாகப் போனேன். அவர்கள் குடியிருப்பது மேரிலாந்து மாநிலத்திலே, வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய ஊரிலே.

குழந்தை பிறந்த மூன்றாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அத்தான் வீட்டிலிருந்தார். “நாள் முழுதும் அடுப்பங்கரையிலேயே இருக்கிறீர்கள். தாமரைக் குளம் ஒன்று இருக்கிறது, போய்ப் பார்த்து வாருங்கள்” என்று அம்மாவையும் என்னையும் அனுப்பிவைத்தார். நகரத் தொடர்வண்டியிலே டீன்வுட் நிலையம், அங்கிருந்து நடை. பெருஞ்சாலைக்கு மேலே கட்டிய நடைபாலத்தைக் கடந்து, எளிய வீடுகள் நிறைந்த தெருக்கள் வழியே சென்றால், அனகோஸ்டியா ஆற்றின் கரையிலே கெனில்வொர்த் நீர்த்தோட்டம். அமெரிக்க நாட்டின் தேசியப் பூங்காத்துறை, நீர்ச்செடிகளை வளர்ப்பதற்கென்றே நடத்திவரும் ஒரே தோட்டம் அது. நுழைவுக் கட்டணம் கிடையாது. காவலுக்கு நின்று, நீ யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பாரும் கிடையாது.

அந்த நாட்டிலே அது கோடை. காலை எட்டு மணிக்கே வியர்வை வழிந்தது. ஆனால் கண் முன்னே விரிந்த காட்சி! வரப்புக் கட்டிய வயல்களைப் போலே குளங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒரு குளத்திலே நீரோடு நீராய்ப் படுத்திருக்கும் அல்லி: வெள்ளை, மஞ்சள், நீலம், செம்மை. மறு குளத்திலே நீருக்குமேல் ஆளுயரம் எழுந்து நிற்கும் தாமரை. இலைகள் குடை விரித்தாற்போல! இலைக் காட்டுக்கு மேலே, விடியலிலே அவிழ்ந்த பூக்கள், நூறு நூறாக! நண்பகலுக்குள் இதழ் குவித்துவிடும் என்பதால், அறிந்தவர்கள் காலையிலேயே வந்துவிடுகின்றனர். கறுப்பர், வெள்ளையர், சீனர், இந்தியர் எல்லோரும் ஒரே வரப்பிலே ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடக்கின்றனர்.

அம்மாவின் கைகள் தாமாகவே குவிந்தன. குவிந்த கை இறங்குமுன்னே வாய் கேட்டது: “இவ்வளவு இலையா! பறிக்க ஆளில்லையா இந்த ஊரிலே?” எங்கள் ஊர்ப் பந்தியிலே தாமரை இலையிலே சோறு உண்ட நினைவு அவருக்கு. கும்பிடுவதற்குப் பூ, உண்பதற்கு இலை! இரண்டையும் ஒரே மூச்சிலே நினைக்க அம்மாவால் முடிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

★

அந்தக் குளங்களின் கதை ஓர் ஒற்றைக் கை மனிதனிடம் தொடங்குகிறது. வால்ட்டர் ஷா என்பது அவர் பெயர். கறுப்பரின் அடிமைத்தளை பற்றிய பூசலிலே அந்த நாடு இரண்டாகப் பிளந்து நடத்திய உள்நாட்டுப் போரிலே, வடபுலப் படையிலே நின்று போரிட்டு வலக்கையை இழந்தவர். இடக்கையாலே எழுதப் பயின்று, அரசின் கருவூலத்துறையிலே எழுத்தராகப் பணியாற்றினார். ஆற்றோரத்திலே தாழ்ந்த நிலத்தை அவர் வாங்கினார். 1880-களின் தொடக்கத்திலே, பிறந்த மாநிலமான மெய்னிலிருந்து காட்டு அல்லிகள் சிலவற்றைக் கொணர்ந்து ஒரு பழங்குட்டையிலே நட்டார். நட்டவை பெருகின, குட்டைகளும் பெருகின, பொழுதுபோக்கு, தொழிலாக வளர்ந்தது. 1921-ல் அவர் மறைந்தபின் மகள் ஹெலன் ஃபௌலர் அதனை நடத்தினார். ஆற்றைத் தூர் வாரும் திட்டத்திலே அரசு அந்தக் குளங்களையும் விழுங்க முனைந்தபோது, அந்தப் பெண்மணி எதிர்த்துப் போராடினார். முடிவிலே 1938-ல் அரசே 15,000 டாலர் கொடுத்து வாங்கிப் பொதுமக்கள் தோட்டமாக்கிற்று.

அறிவிப்புப் பலகையிலே இதனைப் படித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த குளத்திலே இருவர் வேலை செய்துகொண்டிருந்தனர். மார்புவரை ரப்பர் உடை, இடுப்பளவு சேறு. களை பிடுங்கிக் கரையிலே எறிந்துகொண்டிருந்தனர். சேறு கறுப்பாகக் கொப்புளித்தது, நாற்றமும் வந்தது.

“பணக்கார நாடு! இந்தச் சேற்றை அள்ளி எறிந்துவிட்டுச் சிமிட்டித் தரை போட்டுப் பூவை மட்டும் வளர்க்கக் கூடாதா?” என்றேன் அம்மாவிடம்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சேற்றை எடுத்துவிட்டால் பூ எங்கிருந்தடா வரும்? இவ்வளவு படித்திருக்கிறாய்!”

தோழர்களே, அந்த வரப்பிலே நான் நின்றுவிட்டேன். மாணவன் கேட்ட கேள்விக்கு விடை அங்கே, அந்தக் குளத்திலே, கண்ணெதிரே கிடந்தது.

★

தாமரை என்று நாம் எதனைச் சொல்கிறோம்? மூன்று நான்கு நாள் இருந்து உதிரும் பூவையே சொல்கிறோம். செடியின் உயிர்நிலை எங்கே? சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடும் கிழங்கிலே! இலை கருகிய பிறகும், பூ உதிர்ந்த பிறகும், குளத்தின்மேல் பனிக்கட்டி படிந்த பிறகும், அந்தக் கிழங்கு சேற்றினடியிலே உயிரோடிருக்கிறது. அடுத்த கோடையின் மலர்ச்சி முழுவதும் அந்த இருட்டிலேதான் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. கிழங்கும் தாமரை, காம்பும் தாமரை, இலையும் தாமரை. அவற்றிலிருந்து பூவை மட்டும் பிரித்தெடுத்துப் பீடமாக்கினோம். பீடத்திலே கடவுளரை ஏற்றினோம். கிழங்கு கிடந்த இடத்தைச் ‘சேறு’ என்று சொல்லி முகம் சுளித்தோம்.

சேறுதான் என்ன? சென்ற ஆண்டின் இலை, அதற்கு முந்திய ஆண்டின் தண்டு, ஆறு கொணர்ந்த வண்டல். அவை மட்கி, செடிக்கு வேண்டிய உணவாகி நிற்கும் நிலையே சேறு. நேற்றைய தாமரைதான் இன்றைய சேறு. இன்றைய சேறுதான் நாளைய தாமரை. இதிலே எது உயர்வு, எது தாழ்வு?

அந்தச் சேற்றிலே மூச்சுக்காற்று இல்லை. கிழங்கு எப்படி உயிர்க்கிறது? இலை காற்றை உள்ளிழுக்கிறது. காம்பினுள்ளே நீண்டு செல்லும் குழல்கள் வழியே அழுத்தத்தோடு அந்தக் காற்றைக் கீழே அனுப்புகிறது. அது கிழங்கின் வழியே ஓடி, வேறு காம்பின் வழியே ஏறி, இலை நடுவிலுள்ள துளைகளால் வெளியேறுகிறது. ஆம்! மேலே வெயிலிலே நிற்கும் இலை, கீழே இருளிலே கிடக்கும் கிழங்குக்காக மூச்சு வாங்குகிறது! சேற்றை விட்டு விலகி நிற்பதாக நாம் புகழ்கிறோமே, அந்தத் தாமரை ஒவ்வொரு நொடியும் சேற்றோடு கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டுதான் நிற்கிறது. கீழிருந்து உணவு மேலே; மேலிருந்து காற்று கீழே. உறவை முறித்துக்கொண்ட மறுநாளே மலரும் இல்லை, இலையும் இல்லை.

‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்கிறோம். பற்றற்ற முனிவர்க்கு அந்த இலையை எடுத்துக்காட்டாகத் தருகிறோம். ஜெர்மனி நாட்டுத் தாவர அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் என்பார் நுண்ணோக்கியிலே அந்த இலையை ஆராய்ந்து, 1997-ல் உடனாய்வாளரோடு சேர்ந்து விளக்கம் தந்தார். இலையின் மேற்புறமெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகள், அவற்றின்மேல் மெழுகு. நீர்த்துளி படியாமல் முத்தாய் உருளுகிறது. உருளும்போது தூசியையும் கூட்டி எடுத்துச் செல்கிறது. தாமரை இலையின் மூச்சுத்துளைகள் மேற்புறத்திலே உள்ளன. அவை அடைபட்டால் மேலும் மூச்சில்லை, கீழும் மூச்சில்லை. இலை தன்னைத் துடைத்துக்கொள்வது உலகை வெறுத்தா? கடமையைச் செய்வதற்காக! துறவு என்று நாம் எண்ணியது தொழிலாளியின் ஒழுங்கு!

பூவும் வெறும் அழகுப் பொருளன்று. வெளியே குளிர் 10 பாகை செல்சியசுக்கு இறங்கினாலும், மலர்ந்திருக்கும் நாட்களிலே தன்னுள்ளே 30 முதல் 36 பாகை வரை வெப்பம் காத்து, நாடி வரும் வண்டுகளுக்குக் கதகதப்பு தருகிறது என்று 1996-ல் அறிவியலார் அளந்து வெளியிட்டனர். அந்த வெப்பத்துக்கு வேண்டிய உணவை ஈட்டித் தருவதும் செடிதான். பூவின் பெருமையிலே கிழங்கின் பங்கு உண்டு.

ஆகவே, என் உவமை இருமுறை பொய்த்தது. பூவைச் சேற்றிலிருந்து பிரித்தது முதற்பொய். ஊட்டி வளர்க்கும் சேற்றை இழிவென்றது இரண்டாம் பொய். விடியுமுன் எழுந்து, ஊரின் குப்பையை வாரி, அந்தக் கூலியிலே மகனுக்கு நோட்டும் நூலும் வாங்கித் தந்த தாய் இழிவா? அவரிடமிருந்து விலகியா அவன் மலர்ந்தான்? அவரிடமிருந்தே மலர்ந்தான்.

★

“அப்படியானால் வறுமை நல்லது, குடிசை நல்லது, சேரி நல்லது என்கிறாயா? சேறு ஊட்டி வளர்க்கிறது என்று பாடி, ஏழையை ஏழையாகவே இருக்கச் சொல்கிறாயா?” என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. விடை சொல்லாமல் நகர்ந்தால் நான் குற்றவாளி.

அந்த விடையையும் அந்தத் தோட்டத்தின் எல்லையிலேயே கண்டேன். குளங்களைச் சுற்றி வந்தோம். தோட்டத்தை அடுத்துப் பரந்த புல்வெளி ஒன்று கிடந்தது. பந்து விளையாடத் தக்க நல்ல இடம். அதன் வரலாற்றை அன்றிரவு அக்காள் வீட்டிலே படித்தேன். படித்ததும் உணவு இறங்கவில்லை.

1942 முதல் 1970 வரை வாஷிங்டன் நகரத்தின் குப்பை மேடு அந்த இடம்! தலைநகரம் தின்றதன் மிச்சமும், உடுத்ததன் மிச்சமும் அங்கே கொட்டப்பட்டன. திறந்த வெளியிலே எரிக்கப்பட்டன. புகை எங்கே போயிற்று? கறுப்பர் வாழ்ந்த அண்டைத் தெருக்களுக்குள். மக்கள் முறையிட்டனர், புகை நிற்கவில்லை. 1968 பிப்ரவரியிலே, அந்த மேட்டிலே விளையாடப் போன ஏழு வயதுச் சிறுவன் தீயிலே சிக்கி உயிரிழந்தான். அதன் பிறகுதான் திறந்தவெளி எரிப்பு நிறுத்தப்பட்டது. முறையீடு கேளாத காதுக்கு ஒரு பிள்ளையின் பிணம் வேண்டியிருந்தது!

இப்போது சொல்லுங்கள்: சேறு வேறு, குப்பை வேறு அல்லவா? சேறு, இயற்கை தந்தது, செடி தேடிக்கொண்டது. குப்பை, ஒருவர் மற்றொருவர் வாசலிலே கொண்டுவந்து கொட்டியது. சேறு ஊட்டுகிறது; குப்பை எரிக்கிறது. தாயின் உழைப்பு சேறு போன்றது, அது ஊட்டிற்று. பசியும், பள்ளமும், கழிவுநீர் தேங்கும் தெருவும் யாரையும் ஊட்டவில்லை. அவை மேலேயிருந்து கொட்டப்பட்டவை. கொட்டியவர் கையைக் கழுவிக்கொண்டார். கொட்டப்பட்ட இடத்திலே வாழ்ந்தவர்க்கு ‘அழுக்கர்’ என்று பெயர் வந்தது. எரிச்சலூட்டும் இந்த மாற்றுவித்தையைத்தான் என் உவமை மூடி மறைத்தது. குப்பையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்திலே சேற்றைப் பழித்தேன்; கொட்டிய கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதே அனகோஸ்டியா ஆற்றங்கரைப் பூங்காவிலே அரசின் நீச்சல் குளம் ஒன்று. நிறம் பாராமல் எவரும் அதிலே இறங்கலாம் என்று அரசு கூறிய பிறகு, 1949 ஜூனிலே கறுப்பின இளைஞர்கள் நீந்த வந்தனர். வெள்ளையர் கூட்டம் அவர்களைத் தாக்கிற்று. கலகம் மூண்டது, குளம் மூடப்பட்டது. 1950-ல் எல்லோர்க்கும் பொதுவாக அது மீண்டும் திறந்தது. தண்ணீரிலே நிறம் கரைந்துவிடும் என்று அஞ்சினர் போலும்!

நகைக்காதீர்கள். தண்ணீருக்கும் தீட்டு உண்டென்று சொன்ன நாடு நம்முடையது. மராட்டியத்திலே மகாடு என்னும் ஊரின் பொதுக்குளத்திலே, ஆடும் மாடும் குடித்த நீரைக் குடிக்க, 1927 மார்ச் 20-ல் அண்ணல் அம்பேத்கர் தலைமையிலே ஒடுக்கப்பட்ட மக்கள் அணிவகுத்துச் சென்றனர். கையிலே அள்ளிக் குடித்தனர். மேல்சாதியார் என்ன செய்தனர்? குளம் தீட்டாகிவிட்டதென்று, சாணமும் கோமூத்திரமும் கலந்ததை மந்திரம் சொல்லிக் குளத்து நீரிலே சேர்த்துத் ‘தூய்மை’ செய்தனர்! மனிதன் தொட்டால் அழுக்கு, சாணம் விழுந்தால் தூய்மை! அந்தக் குளத்திலே அவர்களுக்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1937-ல் தீர்ப்பளிக்கும்வரை வழக்கு நடந்தது. தூய்மை, அழுக்கு என்னும் சொற்களை யார் கையிலே விட்டு வைத்திருக்கிறோம் என்பதை அந்தக் குளம் நமக்குச் சொல்லவில்லையா?

கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க இந்த நாட்டிலே 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் மற்றொரு சட்டம். அவற்றின் பிறகும் பாதாளச் சாக்கடையிலே இறங்கிய தொழிலாளர் நச்சுக்காற்றிலே மாண்ட செய்தியை நாளேடுகளிலே படித்தோம், பக்கத்தைப் புரட்டினோம். அந்த வீடுகளிலிருந்து ஒரு பிள்ளை படித்து முன்னே வந்தால், ஓடிச் சென்று ‘சேற்றிலே செந்தாமரை’ என்று மாலை சூட்டுகிறோம். மாலைக்கு முன்னே மன்னிப்பு அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

★

“அருமையான பாராட்டைக் குறையாகக் காண்கிறாய். தடைகளைத் தாண்டி வந்தவனைத் தடைகளைச் சொல்லாமல் எப்படிப் புகழ்வது?” என்பர் இன்னும் சிலர். சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள்! தடையைத் தடையென்று சொல்லுங்கள். விளக்கில்லாத வீடு, தடை. நூலகமில்லாத தெரு, தடை. பெயரைக் கேட்டதும் தந்தையின் தொழிலைக் கேட்கும் நாக்கு, தடை. பெற்றவள் தடையல்ல, பிறந்த மக்கள் தடையல்லர். தடையை நாட்டியவரின் பெயரைச் சொல்லாமல், தடைப்பட்டவரின் பிறப்பைச் சொல்லும் புகழ்ச்சி, வெல்லம் தடவிய வசை.

அதிலே இன்னொரு தீங்கும் ஒளிந்திருக்கிறது. ஒருவனைச் செந்தாமரை என்றதும், அவனோடு தெருவிலே விளையாடிய மற்ற இருபது பிள்ளைகள் என்ன ஆயினர்? சேறு ஆயினர்! ஒருவனை விலக்காக்கி உயர்த்தினால், மற்றவரெல்லாம் விதியாகித் தாழ்வர். ‘அவனால் முடிந்ததே, இவர்களால் ஏன் முடியவில்லை?’ என்னும் பேச்சு அங்கேதான் பிறக்கிறது. தகுதி, திறமை என்று சொல்லி வாசலை அடைப்பதற்கு அந்த ஒற்றை மலரையே தாழ்ப்பாளாக ஆக்கிவிடுகின்றனர்.

கெனில்வொர்த் தோட்டத்திலே இதற்கும் ஒரு பாடம் உண்டு. மஞ்சூரியாவிலே வறண்ட ஏரிப் படுகையிலே புதைந்து கிடந்த பழந்தாமரை விதைகள் 1951-ல் அங்கே முளைத்தன. அவற்றின் வழிவந்த தாமரை அந்தக் குளத்திலே பூக்கிறது. எத்தனை பழமையான விதைகள் அவ்வாறு முளைக்க வல்லவை? அதே வடகிழக்குச் சீனப் பகுதியிலே கிடைத்த வேறொரு விதையை ஜேன் ஷென்-மில்லர் என்னும் பெண் அறிஞர் முளைக்கச் செய்து, கரிமக் கணிப்பினாலே அதன் வயது ஏறத்தாழ 1,300 ஆண்டு என்று 1995-ல் வெளியிட்டார். ஆயிரத்து முந்நூறு ஆண்டு! தாமரை விதையின் ஓடு நீரையும் காற்றையும் உள்ளே விடாது. ஓட்டை அராவி ஒரு சிறு வழி திறந்துவிட வேண்டும். நீர் உள்ளே சென்றால் சில நாட்களிலே முளை எழும்.

ஆயிரம் ஆண்டு முளைக்காத விதையைப் பார்த்து, ‘இதற்குத் தகுதியில்லை’ என்று எவனாவது சொல்லியிருந்தால்? சொன்னவன் தோற்றிருப்பான். விதையிலே குறையில்லை; வழி திறக்கவில்லை. பள்ளிக்கூடம் என்பது அந்த ஓட்டிலே வழி திறக்கும் அரம். இடஒதுக்கீடு அந்த அரம். மதிய உணவு அந்த அரம். அரத்தைப் பிடிக்க வேண்டிய ஆசிரியன் நான். அதை விட்டு மேடையிலே உவமை பேசிக்கொண்டிருந்தேன்.

இனி, எண்ணம் பற்றிய கேள்வி. என் எண்ணம் நல்லதுதானே? ஆம். ஆனால் சொல் என் உடைமை மட்டுமன்று. பலநூறு ஆண்டு பலர் வாயிலே பழகி வந்த சொல், பழகியவர்களின் நினைப்பையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. நல்ல எண்ணத்தோடு கொடுத்தாலும் கெட்டுப்போன உணவு வயிற்றைக் கெடுக்கவே செய்யும். கொடுப்பவன் முகர்ந்து பார்த்துக் கொடுக்க வேண்டும். மூடப்பழக்கத்தை மற்றவர் வீட்டுக் கூடத்திலே தேடும் நாம், நம் வாயிலே கிடக்கும் பழஞ்சொற்களிலே தேடுவதில்லை. கோயில் வாசலிலே பகுத்தறிவைப் பயன்படுத்துவது எளிது. கைதட்டல் கிடைக்கும் மேடையிலே பயன்படுத்துவது கடினம். என் தோல்வி அந்த இரண்டாம் இடத்திலே நேர்ந்தது.

★

ஊர் திரும்பிய மறுநாள் மாலை, அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். தாய் வேலை முடித்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். பதறிப்போய் நாற்காலி தேடினார். அவன் அண்டை வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து போட்டான். நான் உட்காரவில்லை.

“அம்மா, ஆண்டு விழாவிலே நான் பேசியது தவறு. சேறு என்று சொன்னேன். உங்களைச் சொன்னதாக அது ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும்” என்றேன்.

அவர் வியப்போடு பார்த்தார். “நல்லதாகத்தானே பேசினீர்கள், சார். எல்லோரும் கை தட்டினார்களே. எங்களை அப்படித்தானே சொல்வார்கள்” என்றார்.

அவருக்கு நோகவில்லை! நோகாத அளவுக்கு அவர் பழக்கப்படுத்தப்பட்டிருந்தார். மகனுக்கு நொந்தது. அம்மாவுக்கு நோகாதது மகனுக்கு நொந்ததே, அதுதான் கல்வியின் பயன். அந்த நோவைத்தான் நான் “உவமை, தம்பி” என்று சொல்லி மழுங்கடிக்கப் பார்த்தேன்.

பலர் முன்னே இழைத்த பிழையை ஒரு வீட்டு முற்றத்திலே மட்டும் சொல்லித் தீர்த்துக்கொள்வது கோழைத்தனம். ஆகவே அடுத்த நாள் காலைக் கூட்டத்திலே, அதே ஒலிபெருக்கியின் முன்னே நின்றேன். நான் கூறிய உவமையைக் கூறினேன். அது ஏன் பொய் என்பதைக் கூறினேன். கிழங்கையும், காற்றுக்குழலையும், குப்பை மேட்டையும் பற்றிக் கூறினேன். இம்முறை கைதட்டல் இல்லை. ஆசிரியர் சிலர்க்கு அது பிடிக்கவில்லை என்பதை அவர்கள் முகம் காட்டிற்று. வரிசையிலே நின்ற அவன் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. அன்று பிற்பகல் வகுப்பிலே, பல வாரங்களுக்குப் பின், பாடத்திலே ஓர் ஐயம் கேட்டான்.

எனக்கு அது போதும்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் விழா நடக்கும். உங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை முதலாவதாக வருவான், வருவாள். மேடையிலே உங்களைப் பேச அழைப்பர். பேசுமுன், பின் வரிசையிலே, ஓரத்து நாற்காலியிலே அமர்ந்திருப்பவரைப் பாருங்கள். அவரை மேடைக்கு அழையுங்கள். அவர் பெயரைச் சொல்லுங்கள். அவர் செய்யும் வேலை இன்னதென்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் வெற்றியிலே அவர் பங்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். அதன் பிறகு, அவர் தெருவிலே குப்பை கொட்டுவது யார் என்றும் கேளுங்கள்.